அடுத்த பயிற்சியாளர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழ்ச் சங்கத்து மேடையிலே கம்பனைப் பற்றிப் பேசலாம். இளங்கோவைப் பற்றிப் பேசலாம். தியாகராசரின் கீர்த்தனைகளைப் பற்றியும் பேசலாம். நானோ கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். அதிலும் ஆட்டத்தைப் பற்றியன்று. ஆட்டம் முடிந்த பிறகு, அந்த ஆட்டத்தைக் குறித்து ஊரார் நடத்தும் வழக்கைப் பற்றி. "இவருக்கு வேறு பொருள் அகப்படவில்லையா?" என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நாம் வாழும் ஊர் கொல்கத்தா. கல்கத்தா என்று நம் முன்னோர் அழைத்த இவ்வூரில் கால்பந்தை ஒதுக்கிவிட்டு வாழ்க்கையைப் பேசுவது, காவிரியை ஒதுக்கிவிட்டுத் தஞ்சையைப் பேசுவது போலாகும்.

மோகன் பகான் இரண்டு ஆட்டங்களில் தோற்றால் போதும். ஈஸ்ட் பெங்கால் ஒரு பெரிய ஆட்டத்தில் தோற்றால் போதும். மறுநாட் காலை லேக் மார்க்கெட்டில் மீன் வாங்க வந்தவர் முதல் டிராம் நடத்துநர் வரை எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான் எழும்: "அடுத்த பயிற்சியாளர் யார்?" தேநீர்க் கடையிலே மண் குவளையைக் கையில் ஏந்தியபடி நால்வர் நான்கு பெயர்களைச் சொல்வார்கள். நால்வருக்கும் அந்த நியமனத்தில் ஓர் அணுவளவு அதிகாரமும் கிடையாது. ஆயினும், தம் வீட்டுப் பெண்ணுக்கு மணமகனைத் தேடுவது போன்ற கவலை அவர்கள் முகத்தில் இருக்கும். அதிகாரம் இல்லாதவர்களின் இந்தக் கவலை வீண் வேலையா, அல்லது அதற்கு ஒரு பொருள் உண்டா? இதுவே இன்று நான் ஆராய விரும்புவது.

அன்பர்களே, யாரைத் தேர்ந்தெடுப்பது என்னும் வழக்கு இவ்வூர்க் கால்பந்தின் பிறப்போடு பிறந்தது. மோகன் பகான் 1889-ஆம் ஆண்டில் தோன்றியது. 1911-ஆம் ஆண்டு சூலை 29-ஆம் நாள், பதினொருவருள் பதின்மர் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினார்கள். அடிமைப்பட்டிருந்த நாடு ஒரு நாள் நிமிர்ந்து நின்றது. ஒன்பதாண்டுகள் கழித்து, 1920-இல், ஜோராபகான் என்னும் கழகம் மோகன் பகானோடு மோதிய ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரைச் சேர்க்காது விட்டது. அது முறையன்று என்று வாதாடிய சுரேஷ் சந்திர சௌதுரி அக்கழகத்தை விட்டு வெளியேறினார். அவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து நிறுவியதே ஈஸ்ட் பெங்கால் கழகம். ஆம், ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதால் எழுந்த சினமே நூறாண்டு கடந்த ஒரு கழகத்துக்கு வித்திட்டது. இத்தகைய ஊரில் பயிற்சியாளர் நியமனம் சிறு செய்தியாக இருக்க முடியுமா?

பயிற்சியாளர் என்னும் பதவியோ அவ்வளவு பழையது அன்று. தொடக்க காலத்தில் அணித் தலைவரின் சொல்லும் கழகச் செயலாளரின் சொல்லுமே சட்டமாக இருந்தன. பயிற்றுவிப்பதைத் தம் முழுநேரத் தொழிலாகவே கொள்ளலாம் என்று இந்நாட்டில் துணிந்தவர்களுள் முன்னணியில் நின்றவர் அமல் தத்தா. அவர் இங்கிலாந்துக்குச் சென்று பயிற்றுமுறை கற்றுத் திரும்பியவர். மற்றொரு பெருமகன் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951-இல் டில்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவுக்குப் பொன் பதக்கம் வாங்கித் தந்தவர். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை அணியை அழைத்துச் சென்றவர். ஜகார்த்தாவில் தலையில் அடிபட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார் ரஹீம். இறுதியாட்டத்தில் இந்தியா அடித்த இரண்டு கோல்களுள் ஒன்று அந்த ஜர்னைல் சிங் அடித்தது. அப்போதே புற்றுநோய் ரஹீமை அரித்துக்கொண்டிருந்தது. 1963-இல் அவர் மறைந்தார். கால்பந்து ஒரு கலை மட்டுமன்று, கற்பிக்கத்தக்க கல்வியும் ஆகும் என்பதை நாட்டுக்கு உணர்த்தியவர் அப்பள்ளி ஆசிரியரே.

இனி, ஊராரின் வழக்குக்கு வருவோம். கூர்ந்து கேட்டால், எத்தனை குரல்கள் எழுந்தாலும் அவை நான்கு கட்சிகளுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, நம்மவர் கட்சி. "நம் சட்டையை அணிந்து ஆடியவனுக்கே நம் மனம் தெரியும், பழைய ஆட்டக்காரனை அழையுங்கள்" என்பது இவர்கள் வாதம். இதற்குச் சான்று உண்டு. சுபாஷ் பௌமிக் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியவர். பின்னர் அதற்கே பயிற்சியாளரானார். 2003-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகப் போட்டியின் இறுதியாட்டத்தில், தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனா அணியை 3-1 என்று வென்று கோப்பையோடு திரும்பினார். ஆனால் அதே சுபாஷ் பௌமிக் மோகன் பகானுக்கும் ஆடியவர் என்பதை இக்கட்சியார் மெல்ல மறைத்துவிடுவார்கள்!

இரண்டாவது, அயலவர் கட்சி. "ஐரோப்பாவில் கற்றவன் வரட்டும்; இங்குள்ளவர்களுக்குப் புதுமுறை தெரியாது" என்பது இவர்கள் வாதம். இதற்கும் சான்று உண்டு. ஸ்பெயின் நாட்டு கிபு விகூனா 2019-20 பருவத்தில் மோகன் பகானுக்கு ஐ-லீக் பட்டத்தை ஈட்டித் தந்தார். பின்னர் இந்தியன் சூப்பர் லீக்கில் ஃபெராண்டோ, ஹபாஸ், மொலினா ஆகிய ஸ்பானியர் மூவரும் வெவ்வேறு பருவங்களில் அக்கழகத்துக்கு வெற்றி தேடித் தந்தார்கள். ஆனால் மணிப்புறாவைப் போல் வந்து பருவம் முடியுமுன் பறந்துவிட்ட அயலவர்களின் பட்டியலும் இரு கழகங்களிலும் நீண்டது. மேலும், கோப்பை வாங்கித் தந்த ஃபெராண்டோவையே அடுத்த பருவத்தின் நடுவில் அனுப்பிவிட்டார்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பகைவர் பாசறைக் கட்சி. "எதிரியின் வெற்றிக்குக் காரணமானவனை நம் பக்கம் இழுத்துவிடுவோம், நமக்கு வலிமை, அவர்களுக்குக் குறை" என்பது இவர்களின் அரசியல். இதற்குப் பெருஞ்சான்று பி. கே. பானர்ஜி. ஆட்டக்காரராக இருந்த காலத்தில் அவர் இவ்விரு கழகங்களுக்கும் ஆடியதில்லை. ஆரியன் கழகத்துக்கும் கிழக்கு ரயில்வேக்கும் ஆடியவர். 1972-இல் ஈஸ்ட் பெங்காலின் பொறுப்பை ஏற்றார். 1975-இல் அக்கழகம் தொடர்ந்து ஆறாவது முறையாகக் கல்கத்தா லீகை வென்றது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தியது. அந்த ஐந்து கோல்களை மோகன் பகான் குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் குடும்பங்கள் மறக்க விடுவதும் இல்லை. அடுத்த ஆண்டு என்ன நடந்தது? அந்த அடியைக் கொடுத்த பானர்ஜியே 1976-இல் மோகன் பகானுக்குப் பயிற்சியாளராக வந்தார்! அவ்வாண்டே லீக் பட்டம் மோகன் பகானுக்குத் திரும்பியது. 1977-இல் ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை, டூரண்ட் கோப்பை மூன்றும் அதன் வசமாயின. அவ்வாண்டு செப்டம்பரில் பெலேயின் காஸ்மாஸ் அணியோடு ஈடன் தோட்டத்தில் 2-2 என்று சமனாக ஆடியதும் அவர் பயிற்றிய மோகன் பகானே. ஆட்டத்துக்கு முன் அவர் பேசும் எழுச்சியுரைக்கு 'வோக்கல் டானிக்' என்றே பெயர் வழங்கிற்று. சட்டையின் நிறம் மனிதனின் திறத்தை அளக்கும் கோல் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நான்காவது, பொறுமைக் கட்சி. "யார் வேண்டுமானாலும் வரட்டும், வந்தவருக்கு மூன்றாண்டு கொடுங்கள், இளைஞர்களை வளர்க்க விடுங்கள்" என்பார்கள் இவர்கள். இவர்களே எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள். தோல்வி வந்த நாளில் இக்கட்சியிலிருந்து பலர் பிற கட்சிகளுக்கு ஓடிவிடுவதும் உண்டு.

நான்கு கட்சிகளிலும் உண்மை உண்டு. நான்கிலும் குறையும் உண்டு. குறை எங்கே என்று கேட்பீர்களாயின், "யார்?" என்று கேட்கும் இவர்கள், "எதற்காக?" என்று கேட்பதில்லை என்பேன். இந்தப் பருவத்துக் கோப்பைக்காகவா? பத்தாண்டுக்குப் பின் வரப்போகும் அணிக்காகவா? எதிர்க் கழகத்தை ஒருமுறை வென்று ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதற்காகவா? நோக்கம் தெளிந்தால் ஆள் தானே தெளிவான். நோக்கம் தெளியாதபோது எவ்வளவு பெரிய பெயரும் பயன்படாது.

1997-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அமல் தத்தா மோகன் பகானில் வைர வடிவ ஆட்டமுறை என்னும் புதுமுறையைக் கொண்டுவந்தார். மூவரைப் பின்னே நிறுத்தி முன்னேறித் தாக்கும் அம்முறையில் அவருடைய அணி கோல்களைக் குவித்து வந்தது. ஊரெங்கும் அதே பேச்சு. கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதியில் எதிரே நின்றது ஈஸ்ட் பெங்கால். அதன் பயிற்சியாளர் நம் பழைய நண்பர் பி. கே. பானர்ஜி. ஆட்டத்துக்கு முன் அமல் தத்தா எதிரணி ஆட்டக்காரர்களுக்கு ஏளனப் பெயர் சூட்டிப் பேசினார். பானர்ஜியோ அந்த ஏளனத்தையே தம் இளைஞர்களுக்கு மருந்தாக்கினார். சூலை 13-ஆம் நாள் சால்ட் லேக் அரங்கில் 1,31,000-க்கும் மேற்பட்டோர் கூடினர். சிக்கிம் இளைஞர் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. வைரம் போலி என்றனர் சிலர். அஃது அன்று அன்பர்களே. முறை நல்லதே, ஆயினும் எதிரியை எளியவன் என்று எண்ணியது தவறு. ஒரு பயிற்சியாளரின் அறிவு எவ்வளவு என்று கேட்கும் நாம், அவருடைய நாவடக்கம் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

பெரிய பெயரில்லாத ஒருவரின் கதையையும் சொல்லுகிறேன். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் சஞ்சய் சென் மோகன் பகானுக்குப் பயிற்சியாளரானார். "இவரா?" என்று கேட்டவர் பலர். 2015 மே 31-ஆம் நாள் பெங்களூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் தோல்வியைத் தவிர்த்தால் பட்டம் என்ற நிலை. பின்தங்கியிருந்த மோகன் பகான் ஆட்டம் முடியும் வேளையில் பெல்லோ ரசாக் தலையால் முட்டிய பந்தினால் 1-1 என்று சமன் செய்து ஐ-லீகை வென்றது. பதின்மூன்று ஆண்டுக்குப் பின் கிடைத்த நாட்டுப் பட்டம்! ஊரே அவரைத் தோளில் தூக்கியது. மூன்றாண்டு முடியவில்லை. 2018 சனவரி 2-ஆம் நாள் சொந்த மண்ணில் ஓர் ஆட்டம் 2-1 என்று தோற்றதும் அவர் பதவி விலகினார். தோற்கடித்தது யார் தெரியுமோ? நம் தமிழகத்திலிருந்து வந்த சென்னை சிட்டி அணி! அன்று நம் காலனியிலே சில வீடுகளில் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் இருந்திருப்பார்கள். அடுத்த பருவத்தில் அதே சென்னை சிட்டி, கோயம்புத்தூரைத் தன் களமாகக் கொண்டு ஆடி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி ஐ-லீகை வென்றது என்பதும் வரலாறு. சஞ்சய் சென் என்ன ஆனார்? 2024-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஹைதராபாத்தில் கேரளத்தை 1-0 என்று வென்று, வங்காளத்துக்குச் சந்தோஷ் கோப்பையை மீட்டுக் கொடுத்தார். ஊர் கைவிட்டவர் ஊரைக் கைவிடவில்லை.

வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பின்னரே 'தெரிந்து வினையாடல்' என்ற அதிகாரத்தை வைத்தார். முதலில் ஆராய்ந்து தெளிக. தெளிந்தபின் வேலையை ஒப்படைக்க. ஆராயாமல் நம்புவதும் கேடு. ஆராய்ந்து நம்பியவனைப் பின்னர் ஐயுறுவதும் கேடு. இரு கேடுகளையும் ஒரு பருவத்துக்குள் செய்து முடிப்பதில் நம் கால்பந்து அன்பர்களை வெல்வார் இல்லை!

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். அதிகாரம் இல்லாதவர் ஏன் வாதாட வேண்டும்? கழகம் யாருடையது? முன்னாளில் உறுப்பினர் வாக்களித்துச் செயற்குழுவைத் தேர்ந்தார்கள். செயற்குழு பயிற்சியாளரைத் தேர்ந்தது. இன்றோ பெரும்பொருள் வேண்டியிருக்கிறது. பொருள் தருவோர் கையில் முடிவு சென்றுவிட்டது. 2020-இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் நூற்றுக்கு எண்பது பங்கு ஒரு தொழிற்குழுமத்திடம் சென்றது; அணியின் பெயருக்கு முன்னே வேறொரு பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டை நீக்குங்கள் என்று அன்பர்கள் இடைவிடாது கேட்டார்கள். 2023-இல் அது நீங்கியது. 2021 சூலையில் ஈஸ்ட் பெங்கால் அன்பர்கள், முதலீட்டாளரோடு இருந்த ஒப்பந்தச் சிக்கலைத் தீர்க்கக் கோரித் தம் கழக வாயிலிலே திரண்டு போலீசாரின் தடியடியும் பட்டார்கள். பங்குப் பத்திரத்தில் இவர்கள் பெயர் இல்லை. ஆயினும் இவர்கள் இல்லையேல் அப்பத்திரத்துக்கு மதிப்பும் இல்லை. ஆகவே அவர்களுடைய வழக்கு வீண் வழக்கு அன்று. உடைமை பிறருடையதானாலும் உரிமை எங்களிடமும் உண்டு என்று சொல்லும் குரல் அது.

ஆனால் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் ஆடியபோது பார்வையாளரிடையே மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு உயிர்கள் போயின. ஆட்டம் பார்க்கப் போனவர்கள். மாலையில் வீடு திரும்புவார்கள் என்று தாய்மார் காத்திருந்தவர்கள். அந்நாளை இவ்வூரார் ஆண்டுதோறும் குருதிக் கொடை நாளாக நினைவு கூர்கிறார்கள். பகையில் சிந்திய குருதிக்கு ஈடாக அன்பிலே குருதி கொடுக்கிறார்கள். பயிற்சியாளரை ஏசுவதற்கும் எதிர்க்கட்சிக்காரனை ஏசுவதற்கும் அவன்மீது கல்லெறிவதற்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறியது என்பதை நம் இளைஞர்கள் மறக்கலாகாது.

இறுதியாக, நம்மைப் பற்றி ஒரு சொல். நம் காலனிப் பிள்ளைகள் இவ்வழக்கில் கலந்துகொள்ளும்போது, "நீ மதராசி, உனக்கென்ன?" என்று யாரேனும் கேட்பதுண்டு. அப்போது பிள்ளைகள் வாடிப்போகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் விடை இது. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஐவர் ஆடினார்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பஞ்ச பாண்டவர் என்று இவ்வூர் அவர்களைக் கொண்டாடியது. ஐவரும் தென்னாட்டவர். கிழக்கு வங்காளத்தின் பெயரைத் தாங்கிய கழகம், நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்த மக்களின் கழகம், தன் மானத்தைத் தென்னாட்டு ஐவர் கால்களில் ஒப்படைத்தது! அன்று எவரும் "நீ எந்த ஊர்?" என்று கேட்கவில்லை, "பந்தை எங்கே அனுப்புவாய்?" என்றே கேட்டார்கள். அதன் பின் சிக்கிமிலிருந்து பூட்டியா வந்தார். நைஜீரியாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பலர் வந்தார்கள். இவர்கள் அனைவரையும் நம்மவர் என்று ஏற்ற ஊர், இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இந்த மழையிலே நனைந்து, இந்தத் தோல்விக்காக அழும் நம் பிள்ளையை அயலான் என்று சொல்ல நியாயம் இல்லை. ஓர் ஊரின் கவலையைத் தன் கவலையாக்கிக் கொண்டவனே அவ்வூர்க்காரன். "அடுத்த பயிற்சியாளர் யார்?" என்று நம் பிள்ளை கேட்கும்போது, இவ்வூரில் வேர் விட்டுவிட்டான் என்று நான் அறிந்துகொள்கிறேன். வீட்டில் தமிழ் பேசி, வாசலில் வங்காளத்தில் வாதாடும் அப்பிள்ளைக்கு இரண்டு மொழியும் இரண்டு கால்கள். ஒன்றை ஊன்றினால்தான் மற்றொன்றால் பந்தை உதைக்க முடியும்.

ஆதலின் நம் இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள். வாதாடுங்கள், ஆனால் பெயரைச் சொல்லுமுன் நோக்கத்தைச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்தவருக்குக் காலம் கொடுங்கள். ஒரு தோல்வியால் ஓராண்டின் உழைப்பை எடைபோடாதீர்கள். எதிர்க் கழகத்தை நேசிக்கும் அண்டை வீட்டாரோடு, வாதம் முடிந்ததும் ஒரே பந்தியில் அமருங்கள். அவர்கள் இலிஷ் மீன் சமைத்தாலும் சரி, இறால் சமைத்தாலும் சரி, நம் வீட்டில் அன்று வத்தக்குழம்பே ஆனாலும் சரி!

இந்த மூன்றும் கால்பந்துக்கு மட்டும் உரியவை அல்ல. அடுத்த திங்களில் நம் சங்கத்துக்கும் புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் ஒருவரையும் தேடிக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் நான்கு கட்சிகள் எழும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அப்போது இந்த உரையில் ஒரு சொல்லேனும் உங்களுக்கு நினைவு வருமாயின், அதுவே எனக்குப் பெரும்பேறு.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!